நாலு மூலை மஞ்சள்

எங்கள் கலைக்கூடத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செல்வி ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீடு தேடி வந்தாள். ராஜபாளையத்தில் கலைக்கூடத்துக்கு இப்போது பொறுப்பாளர் அவள்தான். ஓய்வு பெற்ற பிறகும் நம்மை ஒரு ஆளாக மதித்து வந்திருக்கிறாளே என்று எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஈரப்பதம் பற்றி எழுதவா, வெளிச்சம் பற்றி எழுதவா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் தயங்கினாள். "அதெல்லாம் இன்னொரு வருசம் எழுதலாம் சார். அந்த பிரிண்ட் கண்காட்சியில மாரிச்சாமி சார் மஞ்சள் வச்சாருல்ல, அதப் பக்கத்துல இருந்து பாத்தது நீங்கதான? அத எழுதித் தாங்க" என்றாள்.

வயிறு எரிந்தது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை ஒரு படத்தைக்கூடக் கோணலாக மாட்டாதவன் நான். ஒரு காகிதத்தின் விளிம்பைக்கூட மடங்க விட்டதில்லை. என்னிடம் வந்து மாரிச்சாமியின் மஞ்சளைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் பார்க்கிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், கோயில் வாசலில் பார்க்கிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். சரி, எழுதிவிடுகிறேன். ஆனால் எழுதுகிறவன் மாரியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன், இன்றைக்கும் பொறாமைப்படுகிறவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

நான் முதலில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். பஞ்சின் நீளம், நூலின் பலம், அறையில் இருக்கும் ஈரம், இவற்றை அளப்பதுதான் வேலை. மில் முதலாளி தன் பழைய பஞ்சுக் கிடங்கை வெள்ளையடித்துக் கலைக்கூடமாக்கியபோது, ஈரப்பதம் தெரிந்த ஆள் ஒருவன் அங்கே வேண்டும் என்று என்னை அனுப்பினார். சென்னையில் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்தார்கள். மற்றதெல்லாம் ரேணுகா மேடத்திடம் கற்றுக்கொண்டது.

ரேணுகா மேடம்தான் கலைக்கூடத்தின் முதல் பொறுப்பாளர். கும்பகோணத்துக்காரர். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. உத்தரவு போடவும் மாட்டார், கேள்விதான் கேட்பார். "கோதண்டராமன், இது நேரா இருக்கா?" என்று கேட்டால் படம் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். "உங்களுக்கு இந்த ரூம் புழுக்கமா இல்ல?" என்று கேட்டால் ஓடிப் போய் ஈரமானியைப் பார்க்க வேண்டும். பாராட்டுவதும் அப்படித்தான். மாட்டி முடித்த படத்தின் முன்னால் வந்து நிற்பார். திருப்தி என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த படத்துக்குப் போவார். அவ்வளவுதான். அந்தக் கண்ணாடி கழற்றப்படுமா என்று நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். என் விஷயத்தில் அது கழன்றது மிகக் குறைவு. கோணல் இல்லாத படத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

காகிதத்தைக் கையாள்வதற்கு அவர் வைத்திருந்த முறைகளை இன்றைக்கும் என்னால் தூக்கத்தில் சொல்ல முடியும். வெளியூரிலிருந்து வந்த பெட்டியை வந்த அன்றே திறக்கக் கூடாது. மூடியபடியே ஒரு முழு நாள் அறையில் கிடக்க வேண்டும். நம் ஊர்க் காற்றுக்குக் காகிதம் பழக வேண்டும். திறப்பதற்கு முன்னால் கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர விட வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், கையில் கட்டிய சாமிக் கயிறு, எதுவும் இருக்கக் கூடாது. சட்டைப் பையில் பேனா கூடாது, பென்சில் மட்டும் இருக்கலாம். தாளைத் தனியே தூக்கக் கூடாது, அடியில் அட்டை கொடுத்து இரண்டு பேர் தூக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. காகிதத்தின் மேல் குனிகிறவர் நெற்றியில் விபூதியோ சந்தனமோ குங்குமமோ இருக்கக் கூடாது.

நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. நான் தினமும் காலையில் ஆண்டாள் கோயிலுக்குப் போய்க் குங்குமம் வைத்துக்கொண்டுதான் ராஜபாளையம் பஸ் ஏறுவேன். கலைக்கூடத்துக்குப் போனதும் முதல் வேலையாக ஈரத்துணியால் அதைத் துடைப்பேன். தாயே மன்னித்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் துடைப்பேன். வெறும் நெற்றியோடு திரிகிறவன் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்ததுண்டு. விதி என்றால் விதிதான். நான் ஒரு நாளும் மீறியதில்லை.

மாரிச்சாமி வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரத்துக்காரன். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவன். அவனைக் காவலுக்குத்தான் எடுத்தார்கள். வாசலில் நிற்பதும், பையை வாங்கி வைப்பதும், செருப்பைக் கழற்றச் சொல்வதும்தான் அவன் வேலை. என்னை விடச் சின்னவன், அண்ணாச்சி அண்ணாச்சி என்று மரியாதையாகத்தான் பேசுவான். குற்றம் சொல்ல முடியாத ஆள். அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம்.

பார்க்க வருகிறவர்களுக்குப் படங்களை விளக்கிச் சொல்வதும் என் பொறுப்பில் இருந்தது. நான் முறையாகச் சொல்வேன். இது என்ன காகிதம், என்ன மை, எப்படி அச்சிட்டார்கள் என்று ஒன்று விடாமல் சொல்வேன். கூட்டம் தலையை ஆட்டிக்கொண்டே மெல்ல நகர்ந்து வாசல் பக்கம் போய்விடும். அங்கே மாரி ஏதோ பேசிக்கொண்டிருப்பான், சிரிப்புச் சத்தம் கேட்கும். ஒருநாள் வன்னியம்பட்டியிலிருந்து ஒரு மகளிர் குழு வந்தது. பாதிப் பேர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தபோதே, மீதிப் பேர் வாசல் காவல்காரனை உள்ளே கூட்டிக்கொண்டு வந்து, அவன் விரல் நீட்டிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடம் மாடிப்படியில் நின்று அதைப் பார்த்தார். அடுத்த வாரமே மாரியும் உள்ளே வேலை செய்யட்டும், காகிதம் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள் என்று என்னிடமே ஒப்படைத்தார். நானும் எல்லா விதிகளையும் சொல்லிக் கொடுத்தேன். அவன் கற்றுக்கொள்வதில் வல்லவன் என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை, ஆனாலும் அது உண்மை.

அப்போதுதான் அந்தக் கண்காட்சி வந்தது. போன நூற்றாண்டின் கடைசி முப்பது நாற்பது வருஷத்தில் வந்த பிரிண்டுகள், அதாவது அச்சிட்ட ஓவியங்கள். பாப் ஆர்ட் என்று சொல்வார்கள். கடையில் விற்கிற டப்பா, உதட்டுச் சாயம், கார் டயர், புள்ளி புள்ளியாகவே போட்ட, அழுகிற ஒரு பெண் முகம் என்று அன்றாடம் கண்ணில் படுகிறவற்றைப் பளிச்சென்ற நிறத்தில் பெரிது பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள் செய்ததும் இருந்தது, நம்மவர்கள் செய்ததும் இருந்தது. சென்னையில் கமலா அம்மாள் என்று ஒருவர், அவருடைய காலமான கணவர் சேர்த்து வைத்தது முழுவதும். பெரிய ஊர்களில் கேட்டும் கொடுக்காதவர், மேடம் விடாமல் கேட்டதால் எங்களுக்குக் கொடுத்தார். ஒரு தாளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், இனி நம்மைப் போன்ற சின்ன ஊர்க் கலைக்கூடத்தை நம்பி யாரும் எதையும் தரமாட்டார்கள் என்று மேடம் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

எனக்கு அதில் இன்னொரு விஷயமும் இருந்தது. மேடம் அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறார். அவர் யாரைச் சொல்கிறாரோ அவரைத்தான் முதலாளி பொறுப்பாளராகப் போடுவார். நானா மாரியா என்பதுதான் கேள்வி என்று கலைக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிற அம்மா வரைக்கும் தெரியும். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வெட்கப்படாமல் சொல்கிறேன், வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

பெட்டிகள் வந்தன. ஒரு நாள் மூடி வைத்தோம். திறந்து ஒவ்வொரு தாளையும் விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்து, மடிப்பு, கறை, பூச்சி அரிப்பு உண்டா என்று நானும் மேடமும் சரிபார்த்தோம். எல்லாம் சுத்தம். அதில் ஒன்று ஒரு பிரஷர் குக்கர். நம் நாட்டு ஓவியர் செய்தது. ஒரே குக்கர், மூன்று வரிசையில் ஒன்பது தடவை, ஒவ்வொன்றும் ஒரு நிறம். நடுவில் இருப்பது நல்ல சிவப்பு. சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை விட்டு, கீழே பென்சிலில் கையெழுத்து. அதை முதலில் சட்டம் போட வேண்டும் என்று எடுத்து மேஜையில் அட்டை மேல் வைத்து, மெல்லிய தாளால் மூடியிருந்தோம். அந்த நேரத்தில் பூஜைக்குக் கூப்பிட்டார்கள்.

பூஜை முதலாளியின் வழக்கம். மில்லுக்குப் புது மெஷின் வந்தாலும் பூஜை, புது லாரி வந்தாலும் பூஜை, புதுத் தராசு வந்தாலும் பூஜை. கண்காட்சி என்றால் விடுவாரா? ஐயர் வந்து மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்துத் தேங்காய் உடைத்தார். மீந்த மஞ்சளைக் குழைத்துத் தொன்னையில் கொடுத்து, புதுச் சாமானுக்கெல்லாம் வைத்துவிடுங்கள் என்றார். நான் புது ஏணிக்கு வைத்தேன், வாசல் நிலைக்கு வைத்தேன். தொன்னையை மாரியிடம் கொடுத்துவிட்டுக் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு விளக்குகளைப் பார்க்கப் போய்விட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து மேல்தாளைத் தூக்கினேன். குக்கர் படத்தின் வெள்ளையில், நாலு மூலையிலும் நாலு மஞ்சள் பொட்டு. விரலால் தொட்டு வைத்தது. பருத்திக் காகிதம், கனமானது, நன்றாகக் குடித்திருந்தது.

அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை அப்படியே எழுதுகிறேன். பதற்றம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அதுதான். இதைச் செய்யக்கூடிய ஆள் இந்தக் கட்டிடத்தில் ஒருவன்தான் உண்டு, இனி அந்த நாற்காலி என்னுடையது என்று நினைத்துக்கொண்டே மேடத்தின் அறைக்குப் போனேன். முகத்தை மட்டும் துக்க வீட்டு முகமாக வைத்துக்கொண்டேன்.

மேடம் வந்தார். குனிந்து நாலு மூலையையும் பார்த்தார். மாரியைக் கூப்பிடச் சொன்னார். அவன் வந்து நின்றதும், எப்போதும்போலத் தணிந்த குரலில்தான் கேட்டார்.

"மாரிச்சாமி, இது என்ன?"

"மஞ்சள் மேடம்."

"காகிதத்து மேல எதுவும் படக்கூடாதுன்னு உங்களுக்குச் சொல்லித் தரலையா?"

"அண்ணாச்சி நல்லாச் சொல்லித் தந்தாவ மேடம். அழுக்குப் படக்கூடாது, வேர்வை படக்கூடாது, மை படக்கூடாதுன்னு. மஞ்சள் அழுக்கு இல்லியே மேடம். கலியாணப் பத்திரிகைக்கு நாலு மூலையிலயும் வக்கோம். புதுத்துணிக்கு வக்கோம். இது மொதமொதல்ல நம்ம எடத்துக்கு வருது. வெறுங்காகிதமாச் சொவத்துல ஏத்துனா அதுக்கு ஆகாதுல்லா?"

சொல்லிவிட்டு அவனுக்கே ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று உறைத்தது. துடைத்துவிடுகிறேன் என்று ஈரத்துணியை எடுத்தான். மேடம் கையை நீட்டித் தடுத்தார். தண்ணீர் பட்டால் பரவும். சோப்புப் பட்டால் மஞ்சள் சிவந்துவிடும், அது வீட்டில் துணி துவைக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். வெயிலில் வைத்தால் மஞ்சள் போகும். ஆனால் காகிதம் குடித்த மஞ்சள் முழுசாகப் போவதற்குள் குக்கரின் சிவப்பும் வெளுத்துவிடும். ஒன்றும் செய்வதற்கில்லை என்று மேடம் எங்களுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, அங்கேயே நின்று கமலா அம்மாளுக்குப் போன் போட்டார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். யார் செய்தது என்று மட்டும் சொல்லவில்லை. தன் பொறுப்பில் நடந்தது, தவறு தன்னுடையது என்று சொன்னார். நான் ஏதாவது தவறு செய்திருந்தால் எனக்காக இப்படிச் சொல்லியிருப்பாரா என்று யோசித்தேன். தவறே செய்யாதவனுக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

கமலா அம்மாள் இரண்டு நாளில் தானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டால் கண்காட்சி கிடையாது. மாரியின் வேலை போகும். மேடம் தலைகுனிவோடு ஓய்வு பெறுவார். மாரி இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மேடத்தை நினைத்து வருத்தமாகத்தான் இருந்தது. மற்றபடி நான் நன்றாகத் தூங்கினேன். பாட்டெல்லாம் முணுமுணுக்கிறீர்களே, என்ன விசேஷம் என்று என் மனைவி கேட்டாள்.

காலை ரயிலில் வந்து இறங்கி நேரே கலைக்கூடத்துக்கு வந்தார் அந்த அம்மாள். தனியாகத்தான் வந்தார். சாதாரண நூல் சேலை, கையில் ஒரு துணிப்பை. மேஜை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து குக்கர் படத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யார் இதைச் செய்தது என்று கேட்டார். மேடம் வாயைத் திறப்பதற்குள் மாரி அணிவகுப்பில் நிற்பதுபோல ஓரடி முன்னால் வந்து, நான்தாம்மா என்றான். ஏன் என்று கேட்டதற்கு எங்களிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னான். புதுசா வீட்டுக்கு வந்ததை வெறுமனே வைக்கக் கூடாது என்பதற்காக வைத்தேன், தப்புன்னா என்னையத் தண்டிங்க, மேடத்த ஒண்ணும் சொல்லாதீங்க என்றான்.

அந்த அம்மாள் குனிந்து நாலு மூலையையும் மறுபடி பார்த்தார்.

"இதை எங்க வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்த அன்னிக்கு, எங்க மாமியார் வாசல்லயே நிறுத்திட்டாங்க. குக்கர் படத்தை எவனாவது வீட்டுக்குள்ள கொண்டு வருவானான்னு. அப்புறம் கட்டிலுக்கு அடியில கிடந்துது, பீரோவுக்குப் பின்னால கிடந்துது. நானும்தான் சிரிச்சிருக்கேன், சிவகாசியில போய் நின்னா இதைவிட நல்ல காலண்டர் சும்மா கிடைக்குமேன்னு. அவர் போற வரைக்கும் இதை யாரும் உள்ள வான்னு சொன்னதில்ல" என்றார். பிறகு மேடத்தைப் பார்த்தார். "மூலையை மறைச்சுச் சட்டம் போட்டுடாதீங்க. நாலும் தெரியட்டும்."

அப்போது மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சேலைத் தலைப்பால் துடைத்தார். இரண்டு கண்ணாடியையும், நிதானமாக, மாரியைப் பார்த்துக்கொண்டே துடைத்தார்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். என் நெற்றியிலிருந்து ஒரு துளிக் குங்குமம் அந்தத் தாளில் உதிர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கறை என்று எழுதி, தேதி போட்டு, என் பெயரையும் போட்டிருப்பார்கள். தாயாரின் குங்குமத்தைத் தினம் தினம் துடைத்துவிட்டு வேலை பார்த்தவன் நான். தொன்னையோடு போய் நாலு பொட்டு வைத்தவன் அவன். அவனுக்குக் கண்ணாடி கழன்றது. அன்று பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கோபத்தில் வந்த கண்ணீர்தான்.

கண்காட்சி திறந்தது. பேச்சு எப்படியோ பரவி, கலைக்கூடப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவர்கள் எல்லாம் வந்தார்கள். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தார்கள், ஆலங்குளத்திலிருந்து சிமென்ட் ஆலைக் குடும்பங்கள் வேன் பிடித்து வந்தார்கள். எல்லாருக்கும் மஞ்சள் வைத்த குக்கர்தான் வேண்டும். நான் ஸ்க்ரீன் பிரிண்ட் என்றால் என்ன, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு ஸ்க்ரீன் எப்படிச் செய்வார்கள் என்று ஆரம்பித்தால், அந்த மஞ்சள் வச்ச தம்பி எங்கே என்று கேட்டார்கள். அவன் வந்து அந்தப் படத்தின் முன்னால் நின்று சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். ஒரு வயதான அம்மா, ஒரே குக்கரை எதற்கு ஒன்பது தடவை போட்டிருக்கிறான் என்று கேட்டிருந்தார்.

"வீட்டுல இருக்கது ஒரே குக்கருதான? அதத்தான தெனமும் பாக்குதிய. ஒருநா கோவத்துல பாக்குதிய, ஒருநா பசியில பாக்குதிய, மக மாசமா இருக்கான்னு சேதி வந்த அன்னைக்கும் அதத்தான் பாக்குதிய. அம்புட்டு நாளும் ஒரே கலராவா இருந்துச்சு?" என்றான்.

அந்த அம்மா படத்தின் பக்கத்தில் போய் ஒவ்வொரு குக்கராகப் பார்க்க ஆரம்பித்தார். நான் அத்தனை வருஷம் எத்தனையோ பேருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன், ஒருவரையும் அப்படிப் பார்க்க வைத்ததில்லை. நான் சொன்னதில் பிழை கிடையாது. அவன் சொன்னது என்னுடையதை விட நன்றாக இருந்தது. அது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். மஞ்சள் வைத்த படத்தைப் பார்த்ததும் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒருவர் பூச்சரம் கொண்டு வந்தார், ஒருவர் குங்குமச் சிமிழைத் திறந்தார். அதனால் கண்காட்சி முடியும் வரை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்று மேடம் சொன்னார். யார் நின்றது? நான்தான். காவலுக்கு வந்தவன் கூட்டத்துக்கு நடுவில் கதை சொல்லிக்கொண்டிருந்தான். கற்றுக் கொடுத்தவன் கையைக் கட்டிக்கொண்டு காவலுக்கு நின்றேன்.

கண்காட்சி முடிந்ததும் கமலா அம்மாள் மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டு, குக்கர் படத்தை மட்டும் கலைக்கூடத்துக்கே கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் மேடம் ஓய்வு பெற்றார். நாற்காலி மாரிக்குப் போனது. கடைசி நாளன்று மேடம் என்னைத் தனியே கூப்பிட்டு, "மாரிச்சாமி ஜனங்களைப் பாத்துப்பார். நீங்க வெளிச்சத்தைப் பாத்துக்கோங்க, கோதண்டராமன்" என்றார். பந்தியில் இடம் இல்லாதவனுக்குக் கையில் வெற்றிலை கொடுத்து அனுப்புவதுபோல எனக்குப் பட்டது. சரி மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாரியின் கீழே வேலை பார்த்த வருஷங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அவன் மோசமான அதிகாரியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். கேட்ட லீவைக் கொடுத்தான். எல்லார் முன்னாலும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டான். எதைச் செய்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டான். வெறுப்பதற்கு ஒரு காரணம் தராத மனிதனை வெறுத்துக்கொண்டிருப்பது கஷ்டமான வேலை, அதையும் நான் ஒழுங்காகவே செய்தேன்.

என் பொறுப்பு வெளிச்சம். காகிதத்துக்கு ஐம்பது லக்ஸ் அளவு வெளிச்சம்தான், அதற்கு மேல் கூடாது. எந்தப் படமும் வருஷத்தில் கொஞ்ச காலம்தான் சுவரில் இருக்கும், மற்ற காலம் இழுப்பறைக்குள் இருட்டில் ஓய்வு எடுக்கும். எங்கள் கூடத்துக்கு மேற்கே மலையைப் பார்த்த பெரிய ஜன்னல்கள். சாயங்கால வெயில் நேரே உள்ளே வரும். அதற்குக் கனத்த திரை போட்டிருந்தோம். எந்தத் திரையை எப்போது இறக்க வேண்டும் என்பது என் கணக்கு.

ஒரு வருஷம் மாரிக்கு எங்கோ பாராட்டு விழா எடுத்தார்கள். அந்தப் படத்துக்கு முன்னால் அவன் நிற்கிற போட்டோ பத்திரிகையில் வந்தது. அன்று சாயங்காலம் நான் மட்டும் மேற்கு அறையில் இருந்தேன். குக்கர் படத்தை இழுப்பறைக்கு அனுப்புவதற்காகச் சட்டத்திலிருந்து எடுத்து மேஜையில் வைத்திருந்தோம். மஞ்சள் வெயிலில் போகும் என்பது நினைவுக்கு வந்தது. ஒரே நாளில் போகாது. ஆனால் ஒரு கோடைக்காலம் தாளை இழுப்பறைக்கு அனுப்பாமல், இந்தத் திரையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டால் போதும். யாரும் பார்க்கப் போவதில்லை, யாரும் கேட்கப் போவதில்லை. தானாக மங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். மாரியின் கதை அதோடு முடிந்தது. நான் திரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

கயிற்றை இழுக்கவில்லை. நல்லவனாக இருந்து இழுக்காமல் விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெயில் பட்டால் மஞ்சளோடு சேர்ந்து நடுக் குக்கரின் சிவப்பும் வெளுக்கும். மாரி மேல் இருக்கிற எரிச்சலுக்கு அந்தச் சிவப்பைக் கொடுக்க என்னால் முடியவில்லை. தாளை மூடி, இரண்டாவது ஆளைக் கூப்பிட்டு, அட்டையோடு தூக்கி இழுப்பறையில் வைத்தேன். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. அவன் வைத்த மஞ்சள் மங்காமல் இருப்பது என்னால்தான். நான் ஒழுங்காக வேலை பார்க்கப் பார்க்க அவன் பெயர் பளிச்சென்று இருக்கும். பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் நான் அந்த வேலையில் ஒரு நாளும் குறை வைக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற நாளன்று சாயங்காலம் கூடத்தில் பிரிவுபசாரம் வைத்தார்கள். மாரி எனக்குச் சால்வை போட்டான். அண்ணாச்சி இல்லைன்னா இந்தக் கூடமே இல்லை என்று பேசினான். பேசி முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குக்கர் படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனான். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

"பாருங்க அண்ணாச்சி, எம்புட்டு வருசம் ஆச்சு, செத்தகூட மங்கலியே. அன்னைக்கு ஐயர் கொண்டாந்தது அசல் மஞ்சளு" என்றான்.

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மஞ்சள் அசலாக இருந்தாலும் நகலாக இருந்தாலும் வெயிலுக்கு ஒன்றுதான், நான் பார்த்துக்கொண்டதால் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் மனசறிந்து எதையும் பறித்துக்கொள்ளவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"ஆமா மாரி, நல்ல மஞ்சள்தான்" என்றேன்.

அங்கேயே வைத்து எல்லாரையும் நிறுத்திப் போட்டோ எடுக்கலாம் என்றார்கள். படத்துக்குப் பக்கத்தில் ஃப்ளாஷ் போடக் கூடாது என்பது நான் வைத்த விதி. அதனால் போட்டோக்காரர் வெளிச்சம் போதவில்லை என்று மேற்குத் திரையை மேலே தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். மலைக்கு மேலே நின்ற சூரியன் கூடத்துக்குள் வந்தது. என்னையும் மாரியையும் நடுவில் நிறுத்தி, எனக்கு மாலை போட்டு, எல்லாரும் சுற்றி நின்றார்கள். வெயில் தரையில் ஊர்ந்து சுவரைத் தொட்டுப் படத்தின் கீழ் மூலைப் பக்கமாக ஏறுவதை நான் பார்த்தேன். சிரிங்க சார் என்று போட்டோக்காரர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் வரிசையை விட்டு விலகி, மாலையோடு ஜன்னலுக்கு ஓடித் திரையை இறக்கினேன். அதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

பிறகு என்னை நிறுத்தி இன்னொன்று எடுத்தார்கள். திரை இறங்கிவிட்டதால் அது இருட்டடித்துப் போயிற்று, அதில் யார் முகமும் தெரியவில்லை. மலரில் இந்தக் கட்டுரையோடு முதல் போட்டோவைத்தான் போடப் போவதாக, மாரிக்கு அடுத்து நாற்காலிக்கு வந்த செல்வி சொன்னாள். வீட்டுக்குக் கொண்டு வந்து காட்டினாள். எனக்காக எடுத்த போட்டோவில் மாரிச்சாமி நடுவில் நிற்கிறான், சுற்றி எல்லாரும் சிரிக்கிறார்கள், நான் நின்ற இடம் காலியாக இருக்கிறது. அந்த இடைவெளியில் குக்கர் படம் முழுதாகத் தெரிகிறது, சிவப்பு கொஞ்சமும் வெளுக்காமல், நாலு மூலை மஞ்சளோடு.